அவருடைய விசிறி

முதலில் அவருடைய செருப்பைத்தான் பார்த்தேன். நீல வார் வைத்த ஜப்பான் சிலிப்பர். இடது கால் வார் அறுந்துபோய், ஓர் ஊக்கு குத்திச் சமாளித்திருந்தார். இருபது வருடத்துக்கு மேலாக முழங்கால் தொடும் கறுப்பு பூட்ஸில் மட்டுமே நான் பார்த்த கால்கள், பக்கத்துக் கடைக்குப் பால் டின் வாங்கப் புறப்பட்ட கால்களைப் போலக் கோயில் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தன. நான் கையிலிருந்த கேபிளைக் கீழே போட்டுவிட்டேன். அது கேபிள் இல்லை, ‘பாம்பு’ என்று சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும். என் அண்ணன் ஒரு லோரி, இருபத்து நான்கு ஸ்பீக்கர், மூன்று பையன்களை வைத்துக்கொண்டு ‘சவுண்ட்’ தொழில் நடத்துகிறார். ஈப்போவில் வீடு, வேலை பேராக் முழுவதும். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்துக் கோயில் திருவிழாவின் மூன்றாம் நாள் கலை இரவில் முடிக்காரர் பாடப் போகிறார் என்று தெரிந்ததும் அண்ணன் காலில் விழாத குறை. “வா. ஆனா பேரு எழுதக் கூடாது. எழுதினா அவரு அடுத்த வருஷம் வேற சவுண்டைக் கூப்பிடுவாரு” என்றார். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் முடிக்காரர்தான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து வைத்த பெயர். அவரைக் கேட்டவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும்; கேட்காதவர்கள் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹுத்தான் என்றால் காடு, மெலிந்தாங் என்றால் குறுக்கே கிடப்பது. காடு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது குறுக்கே கிடப்பவை செம்பனையும் தென்னையும், மீன் லோரிகளும்தான். பெர்னாம் ஆறு ஓரமாக ஓடுகிறது, அக்கரை சிலாங்கூர். 2017-இல் பாகான் டத்தோ தனி மாவட்டமானபோது எங்கள் ஊரும் அதற்குள் போனது. பக்கத்தில் ஜெண்டராட்டா. 1906-இல் வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் எஞ்சினியர் பால்மரம் நட்டுத் தொடங்கிய தோட்டம் அது. இன்றும் அங்கே செம்பனைக் குலைகள் குட்டி ரயிலில் ஏறிப் போகின்றன. சாய்ந்த கோபுரம் பார்க்கத் தெலுக் இந்தான் வரை வருகிறவர்கள் அங்கேயே மீ சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு ராக் பாடகர் வருகிறார்! என்னால் இரண்டு நாள் ஒழுங்காகத் தூங்க முடியவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்மணி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வெட்கம் இல்லாமல்தான் எழுதுகிறேன்.

முடி விஷயத்தையும் இங்கேயே பேசிவிட வேண்டும். இந்த நாட்டில் பாட்டும் தலைமுடியும் ஒட்டிப் பிறந்தவை. அப்பா காலத்தில் பினாங்கு ‘அலிகேட்ஸ்’: டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், அண்ணன் தம்பி. இரண்டு தலையிலும் சுருட்டை முடி, குடை விரித்ததுபோல. தமிழ்ப் பிள்ளைகள் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுவதையும் ஆட வைத்தார்கள். லோகா 2007-இல் காலமானபோது எங்கள் வீட்டில் அப்பா அன்றைக்குச் சோறு வேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் காலத்தில் ‘செர்ச்’, ‘விங்ஸ்’. ‘ரோக் காபாக்’ என்பார்கள். காபாக் என்றால் கோடாரி. 1989-இல் ‘இசபெல்லா’ வந்தபோது லயத்தில் ஒரு கிட்டார்கூடக் கிடையாது. விளக்குமாற்றை வைத்துத்தான் வாசித்தார்கள், என் அண்ணன் உட்பட. அண்ணனுக்கு அப்போது பிடரி தாண்டிய முடி.

பிறகு 1992. நீளமுடி வைத்த ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் முகம் காட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்றைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். செர்ச், விங்ஸ் ஆட்களின் முடி டிவியிலேயே வெட்டப்பட்டது. எனக்குப் பத்து வயது. அண்ணன் எழுந்து வெளியே போய்ப் பால்மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அம்மா சந்தடி சாக்கில், “அவங்களே வெட்டிக்கிட்டாங்க, உனக்கென்னா?” என்று மறுநாளே அண்ணனை முடிதிருத்தும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். இன்றைக்கு அண்ணனுக்கு அந்தக் கவலையே இல்லை. தலை சுத்தமான வழுக்கை.

அந்தக் கத்தரிக்கோலுக்குத் தப்பிய ஒரே முடி முடிக்காரருடையது என்பது என் கட்சி. 2001-இல் தெலுக் இந்தானில் ஒரு மேடையில் முதல் தடவையாக அவரைப் பார்த்தேன். கிட்டார், டிரம்ஸ், நடுவில் நம்ம உறுமி மேளம், அதற்கு மேல் அந்தக் குரல். குரலுக்கு மேல் முடி. முடி பறந்தது. தலையை ஆட்டினால் பறப்பது பெரிதில்லை. சும்மா நிற்கும்போதும், மெதுவான பாட்டிலும், கண்ணை மூடி நீட்டி இழுக்கும்போதும் பறந்தது. ஆற்றுக் காற்று என்று நினைத்தேன். ஈப்போவில் பார்த்தேன், அங்கேயும் பறந்தது. என்னிடம் இருக்கும் படங்கள் அத்தனையிலும் முடி வலப்பக்கமாகவே பறக்கிறது. ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை.

சரி, மேடைக்குப் பின்னால் போவோம்.

மத்தியானம் இரண்டு மணி. லோரி திறந்தது. முதல் வேலை பாம்பு. மேடையிலிருந்து மிக்சர் வரை போகிற கையளவு தடித்த கறுப்புக் கேபிளுக்குத் தொழிலில் ‘ஸ்நேக்’ என்று பெயர். உள்ளே இருபது முப்பது வயர் ஒன்றாகப் படுத்திருக்கும். அண்ணன் பையன்கள் அதைத் தமிழாக்கிவிட்டார்கள். “டேய், பாம்பைப் பிடி! தலையை இங்கிட்டு இழு!” என்று ஒருவன் கத்தியதும், பிரசாதத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நாலு அக்காமார் துருவலையோடு எழுந்து ஓடினார்கள். செம்பனைக் காட்டுப் பக்கம் வாழ்கிறவர்கள் பாம்பு என்றால் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது ஜென்செட். அதைத் தட்டி விட்டதும் ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். எர்த் சரியில்லாவிட்டால் கரண்டே பாட ஆரம்பித்துவிடுமாம். நம் நாட்டுக் கரண்ட் வினாடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது; அந்த ஐம்பதுதான் காதில் விழுகிறது. பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி காதைத் தீட்டிக்கொண்டு, “ஜி நோட்டுக்கு ஒரு முடி மேல இருக்குண்ணே” என்றான். நான் வாயைப் பிளந்தேன். அண்ணன் வயரைப் பிடுங்கி வேறு சாக்கெட்டில் சொருகினார். முனகல் நின்றது. மனுஷன் எஸ்பிஎம்-மில் கணக்கில் பெயிலானவர் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஏனென்றால் அடுத்து அவர் செய்ததும் கணக்குத்தான். திடல் எழுபது மீட்டர் நீளம். சத்தம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அதனால் மேடையில் பாடுவது கடைசி வரிசைக்குப் போய்ச் சேர ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். நடுத் திடலில் வைத்திருக்கும் ஸ்பீக்கர் அதற்கு முன்னாலேயே பாடிவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கும். எனவே அந்த ஸ்பீக்கரைக் கணக்குப் போட்டுத் தாமதிக்க வைக்கிறார்கள். எத்தனையோ திருவிழாவில் “என்னா சவுண்டு இது, எரைச்சல்” என்று முகம் சுளித்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். என் அண்ணனின் வேலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலே கால் மணி. ஒரு பழைய கஞ்சில் காடி சமையல்கட்டுப் பக்கம் வந்து நின்றது. வேன் இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. முன்சீட்டில் ஒரு வயதான அம்மா, மடியில் தூக்குச்சட்டி. ஓட்டி வந்தவர் இறங்கினார். அப்போதுதான் அந்தச் செருப்பு.

முடி? கொண்டை! இரண்டு வெள்ளிக் கடை ரப்பர் பேண்டில், உச்சந்தலையில், குளித்து வந்த பெண்பிள்ளையைப் போலக் கொண்டை. நான் சிலையாக நின்றேன். அவர் நேராக என்னிடம்தான் வந்தார். இந்த இடத்தில் என்னென்ன பேசுவேன் என்று 2001-இலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் சொன்னார்:

“தங்கச்சி, சுடுதண்ணி எங்க கிடைக்கும்?”

தங்கச்சி! எங்கள் ஐந்து பேரின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதும் ஒருத்தி அழுகிற முகம் பதினாறு அனுப்பினாள். ஆனாலும் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பிளாஸ்கின் மூடியை அவர் கையால் திருகியதைப் பார்த்ததும் நான்தான். ஐஸ் தொட மாட்டார். பாடுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவார். அம்மா கொண்டுவந்த தூக்குச்சட்டியில் ரசம் சோறு, சுட்ட கருவாடு ஒரு துண்டு. ராக் பாடகர்கள் பாட்டிலை உடைத்து ஓட்டல் அறையை நொறுக்குவார்கள் என்று படித்திருக்கிறேன். இவர் சாப்பிட்ட சட்டியைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

சவுண்ட் செக்கில் டிரம்ஸ் பையனை ஒற்றைக் கால் டிரம்மை மட்டும் ‘டும், டும், டும்’ என்று பத்து நிமிடம் மிதிக்கச் சொன்னார்கள். டிரம்ஸுக்கு அடியில் விரிக்கும் கம்பளத்தை மறந்து வந்துவிட்டதால் கோயில் மண்டபத்து ஜமுக்காளம் கைகொடுத்தது. இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க டிரம் மேடையை விட்டு நடந்து போய்விடுமாம். அதன் பிறகு உறுமிப் பையன்கள். பத்தொன்பது, இருபது வயது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருகிற அந்த உறுமல் இருக்கிறதே, அது மைக்குக்குள் போய்ப் பெரிய ஸ்பீக்கர் வழியாக வந்தபோது என் விலா எலும்பில் உட்கார்ந்தது. கிட்டாரை அதற்கு மேல் கரகரவென்று விட்டார்கள். இரண்டும் ஒரே சாதி மிருகங்கள். வெளிநாட்டுக்காரர்கள் எத்தனையோ பெட்டி வாங்கி மிதித்து உண்டாக்கும் அந்தக் கரகரப்பை நம் பாட்டன் தோலிலும் குச்சியிலும் வைத்திருந்தான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஈப்போ ஆட்கள் இரண்டு பேர், டாக்டர் பர்னும் எம்சி ஜெஸும், ‘நட்சத்திரா’வாக யோகி பி-யோடு சேர்ந்து 2006-இல் ‘வல்லவன்’ தந்தபோது, இளையராஜாவின் ‘மடை திறந்து’ ராப்பாக மாறித் தமிழ்நாடு வரை போனது. “நம்ம ஊரு சத்தத்துக்கு வெட்கப்படத் தேவையில்லன்னு எனக்கு அன்னிக்குத்தான் முழுத் தைரியம் வந்துச்சு” என்றார் முடிக்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. ஆமாம், கண்ணாடி! வாசிப்புக் கண்ணாடி, கழுத்தில் கயிறு கட்டி. மேடையில் போட மாட்டார். அதனால் பாட்டு வரிசையைத் தோசைக்கல் அளவு எழுத்தில் எழுதி, தரையில் டேப் போட்டு ஒட்டுகிறார்கள். ஒரு பாட்டுக்கு ஒரு சொல்தான்.

ஏழரை மணிக்கு அவர் காணாமல் போனார். தேடிப் போனால் கோயில் கழிவறை வாசலில் அம்மா காவல் நிற்கிறார். “மூணாவது தடவம்மா. முப்பது வருஷமா இப்படித்தான். பயம்.” பயமா? அவருக்கா? ஐயாயிரம் பேருக்கு முன்னால் கண்ணை மூடிப் பாடுகிறவருக்கா? எனக்கு ஏனோ ஆனந்தமாக இருந்தது.

இப்போது அந்த ரகசியம்.

மேடையின் இடப்பக்க மூலையில், தரையில் சாய்ந்திருக்கும் மோனிட்டர் பெட்டிக்குப் பின்னால், கறுப்புத் துணி மூடிய ஏதோ ஒன்று. துணியைத் தூக்கினேன். காத்தாடி. கோயில் சமையல்கட்டில் இருந்து எடுத்து வந்த, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய, மூன்று இறக்கைக் காத்தாடி.

“அண்ணே, இது எதுக்கு?”

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாளில் மறக்க மாட்டேன். “ஒனக்கு இத்தன வருஷமா தெரியாதா?”

ஆற்றுக் காற்று! நான் கவிதைகூட எழுதி வைத்திருந்தேன்!

காத்தாடி வைப்பதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. நேராக முன்னால் வைத்தால் காற்று மைக்கில் பட்டுப் ‘புஸ்ஸ்’ என்று ஸ்பீக்கர் முழுக்க இரையும். அதனால் பக்கவாட்டில், தாழ்வாக, கொஞ்சம் பின்னால் தள்ளி, முடியில் மட்டும் படுகிற மாதிரி சாய்க்க வேண்டும். மைக்குக்குப் பஞ்சுத் தொப்பியும் உண்டு. அவர் நடந்தால் காத்தாடியையும் திருப்ப வேண்டும். வழக்கமாக அதைச் செய்கிற பையனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அண்ணன் சுற்றிலும் பார்த்தார். அங்கே சும்மா நின்றவள் நான் ஒருத்திதான்.

ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது. கொண்டை அவிழ்ந்தது. அம்மா இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். நான் கறுப்புத் துணிக்குப் பின்னால் குந்திக்கொண்டு பொத்தானை மூன்றில் வைத்தேன். உறுமி உறுமியது. முடி பறந்தது. திடலில் ‘ஓ’ என்று எழுந்த அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு எனக்குச் சேர வேண்டியது. என்னை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன்.

பின்னால் இருந்து பார்க்கிற கச்சேரி வேறு கச்சேரி. முகம் தெரியாது, முதுகுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் அவருடைய இடது கை தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் காட்டினால் பல்லவி இன்னொரு தடவை. முட்டி மடக்கினால் முடிக்க வேண்டும். உள்ளங்கை தரையைப் பார்த்தால் உறுமி அடங்க வேண்டும். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும்போது, கை டிரம்ஸ் பையனைத் திட்டிக்கொண்டிருந்தது. அதோடு கூட்டத்தின் முகங்கள் முழுவதும் எனக்குத்தான். லயங்கள் இடிந்து, பிழைப்புக்குக் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் என்று போனவர்கள் வருடத்தில் இந்த மூன்று நாள்தான் திரும்பி வருகிறார்கள். ‘அம்மா இருட்டில் பால் வெட்டப் போனாள்’ என்ற பொருளில் அவர் பாடும் அந்த மெதுவான பாட்டு வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பாட்டில் வருகிற அந்த அம்மா காதுப் பஞ்சில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

அந்தப் பாட்டின் நடுவில்தான் காத்தாடி நின்றது.

தேநீர்க் கடையில் யாரோ அதே வயரில் கெட்டில் சொருகிவிட்டார்கள். விளக்கும் மைக்கும் வேறு லைன், தப்பித்தன. காத்தாடி லைன் மட்டும் விழுந்துவிட்டது. முடி ஒரு வினாடியில் தொங்கிப்போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த இடது கை முதுகுக்குப் பின்னால் என் பக்கமாக நீண்டு, ஐந்து விரலையும் விரித்து, ‘என்னாச்சு?’ என்று கேட்டது. என்னைத்தான் கேட்டது!

பக்கத்தில் மினரல் தண்ணீர் அட்டைப்பெட்டி கிடந்தது. ஒரு பக்கத்தைக் கிழித்தேன். மோனிட்டருக்குப் பின்னால் முட்டி போட்டு, இரண்டு கையாலும் விசிற ஆரம்பித்தேன். அவருடைய விசிறி என்று இத்தனை வருடமாக வாய்ப்பேச்சுக்குச் சொல்லித் திரிந்தவளுக்கு அன்றைக்கு உத்தியோகமே கிடைத்துவிட்டது. பாட்டு முடியும் வரை விசிறினேன். தோள்பட்டை கழன்றது. நாலு முடி அசைந்தது. எண்ணினேன், நாலு.

போலீஸ் பெர்மிட்டில் போட்டிருந்தபடி பதினொன்றரைக்கு முடித்துவிட்டார்கள். பாம்பைச் சுருட்டி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சமையல்கட்டில் எட்டிப் பார்த்தேன். முடிக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா நாற்காலியில். கையில் பெரிய பல் சீப்பு, பக்கத்தில் பழைய சோடா பாட்டிலில் பாகான் டத்தோ தேங்காய் எண்ணெய். சிக்கு எடுக்கும்போது அவர், “ஆ, ஆ, மெதுவா” என்று முனகினார். இரண்டு மணி நேரம் அடித்தொண்டையில் கத்திய அதே குரல்.

என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பாட்டுல காத்தாடி நின்னுச்சே. அப்புறம் கொஞ்சம் காத்து வந்துச்சு. நீயா தங்கச்சி?”

“ஆமாண்ணே.”

“நல்லா இருந்துச்சு” என்றார்.

அடுத்த வருடமும் அவரைத்தான் கூப்பிடுவதாகக் கோயில் தலைவர் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் திடலின் இடப்பக்கமாக, தென்னை மரத்தடியில் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் மேடை மூலையில் ஒரு கறுப்புத் துணி தெரியும். தேநீர்க் கடையில் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து ஒன்பது மணிக்கு மேல் கெட்டிலைச் சொருகாதீர்கள்.